கடல் பக்கம் திரும்பிய மொரிஸ் மைனர்

எங்கள் வாப்பாவிடம் இருந்த மொரிஸ் மைனர் கார் என்னைவிட நாற்பது வயது மூத்தது. பச்சை நிறம், நடுவில் சிறீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் தகடு. திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து செம்மஞ்சளாக ஒரு சின்னக் கை வெளியே நீளும். அதைப் பார்ப்பதற்காகவே மருதமுனையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் முனையில் காத்து நிற்பார்கள். சில நாட்களில் அந்தக் கை உள்ளே போக மறுத்துவிடும். வாப்பா ஜன்னலால் கையை விட்டுச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார். உம்மா கூப்பிட்டால் ஒரு தரத்தில் எழும்பாத மனிதர், காரில் ஒரு புதுச் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவார் என்று குடும்பத்தில் பகிடி பண்ணுவார்கள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எட்டு வயது. எங்கள் வீடு பிரதான வீதிக்கு அருகில் இருந்ததால் முற்றத்தில் ஏறிய தண்ணீரோடு நாங்கள் தப்பிக்கொண்டோம். மாமியின் வீடு கடலோரம். மாமி என்றால் வாப்பாவின் மூத்த சகோதரி. அவருடைய வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியது. மாமியின் மகளும் போய்விட்டாள். வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். கார் அன்றைக்குக் கல்முனையில் ஒரு கராஜில் நின்றது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "காராவது தப்பிச்சிச்சே, அல்ஹம்துலில்லாஹ்" என்று வாப்பாவுக்கு ஆறுதல் சொன்னார்கள். வாப்பா எழும்பிப் போய்விடுவார்.

அதற்குப் பிறகு அவருடைய கார்ப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். டேங்கில் எப்போதும் பெற்றோல் நிறைந்திருக்க வேண்டும். காரைப் பின்பக்கமாகவே வளவுக்குள் விடுவார், முகம் தெருவைப் பார்த்து நிற்க. காலையில் ஒரு தரம், அஸர் தொழுதுவிட்டு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார். கராஜுக்கு மட்டும் கொண்டுபோகவே மாட்டார். என்ன பழுது வந்தாலும் மெக்கானிக் வீட்டுக்கு வர வேண்டும்.

மாமியோ யார் சொல்லியும் கேட்காமல் அந்த அத்திவாரத்தின் மேலேயே தகரக் கொட்டில் அடித்துக்கொண்டு இருந்துவிட்டார். வாப்பா போனால் மாமி உள்ளே போய்விடுவார். முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மாமிக்கு வாப்பாவில் கோபம் என்று ஊர் சொன்னது. நானும் நம்பினேன்.

சில மாதங்கள் கழித்து, பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், பத்து மணி இருக்கும். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தமெல்லாம் ஒரேயடியாக நின்றது. அடுத்த கணம் ஒழுங்கை முழுக்கக் கூக்குரல்.

"கடல் வருகுதாம்! ஓடுங்க!"

உம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தார். வாப்பா ஏற்கெனவே காரில் இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் என்று பத்துப் பேராவது அதற்குள் நெருக்கியடித்து ஏறினோம். எனக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒழுங்கை முனையில் சனம் முழுக்க மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் காரின் சின்னக் கை மட்டும் கிழக்கே நீண்டது.

"எங்க போறீங்க? கடல் அந்தப் பக்கம்!" என்று உம்மா கத்தினார்.

வாப்பா கியரை மாற்றினார். ஓடிவந்தவர்கள் பொனட்டில் அடித்து, "திருப்புங்க, திருப்புங்க" என்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சத்தமாகக் கலிமா சொல்லத் தொடங்கினார். நான் முன் சீட்டுக்கு மேலால் எட்டி வாப்பாவின் முதுகில் குத்திக் குத்தி அழுதேன். வாப்பாவுக்கு எங்களில் இரக்கமே இல்லை என்று நினைத்தேன்.

மாமி கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, வந்து ஏறுங்க."

"நான் வரல்ல. நீ புள்ளைகளக் கொண்டு போ."

வாப்பா இன்ஜினை நிறுத்தினார். அதுவரை இன்ஜின் சத்தத்தில் அமுங்கியிருந்த கடல் இரைச்சல் காருக்குள் வந்தது. அந்த மாதிரி ஒரு பயத்தை நான் பிறகு ஒருநாளும் பட்டதில்லை. வாப்பா இறங்கிப் போய் மாமியின் அத்திவாரக் கல்லில் இருந்தார்.

"அப்ப நானும் இரிக்கன்."

"உனக்கு விசரா? புள்ளைகள் காருக்குள்ள!"

"ஓம். உங்களத்தான் பாத்துக்கிட்டு இரிக்குதுகள்."

"மாமி, வாங்க மாமி!" என்று நான் வீரிட்டேன். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு சட்டியைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு வந்து ஏறி, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வாப்பா முன்பக்கம் ஓடி இரும்பு ஹேன்டிலைச் செருகிச் சுழற்றினார். ஒன்று. இரண்டு. உம்மா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவதில் இன்ஜின் இருமி உயிர் பிடித்தது. அதற்குள் நான் சட்டையையும் மாமியின் மடியையும் நனைத்துவிட்டிருந்தேன். மாமி பிடியைத் தளர்த்தவில்லை.

கல்முனையால் திரும்பி, கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தைத் தாண்டி, வயல் வெளி வந்த பிறகுதான் வாப்பா நிறுத்தினார். லுஹர் தொழுகைக்கு முன்னமே செய்தி வந்துவிட்டது. கடல் வரவில்லை, யாரோ கிளப்பிய வதந்தி. ஓடிவந்த சனமெல்லாம் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுச் சிரித்தது. யாரோ பிள்ளைகளுக்குச் சோடா வாங்கித் தந்தார்கள். வாப்பா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். பாதி வெளியே சிந்தியது. மாமி போய்ப் பக்கத்தில் நின்றார். நான் சோடாவோடு இருவருக்கும் நடுவில் நின்றேன்.

"பெயின்ற் அடிக்கக் குடு எண்டு சொன்னது நான்தானே, தம்பி," என்றார் மாமி. "என்ட மூத்தவன்ட கலியாணத்துக்கு வெள்ளையா இரிக்கணும் எண்டு. நான் வாயத் தொறக்காட்டி, அண்டைக்குக் கார் ஊட்டுல நிண்டிரிக்கும்."

"திங்கட்கிழமை குடுக்கலாம் எண்டுதான் நெனச்சன் ராத்தா. பிறகு சனிக்கிழமையே கொண்டுபோய் உட்டுட்டன்."

பெரியவர்கள் காரின் நிறத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. "எனக்குப் பழைய பச்சைதான் விருப்பம்" என்று நானும் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாமி முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார். வாப்பா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் சம்மாந்துறையிலிருந்து வந்த ஒருவருக்கு வாப்பா காரை விற்றுவிட்டார். அது வீதியில் ஏறி மறையும்வரை நான் பின்னால் ஓடி அழுதேன். வாப்பா வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. தேடிக்கொண்டு போனால், மாமியின் கொட்டிலில் சம்மணம் போட்டு இருக்கிறார். மாமி பக்கத்தில் இருந்து மீனில் முள் எடுத்துப் போடப் போட, இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இவ்வளவு ஆசையாக வைத்திருந்த காரை விற்ற அன்றைக்கே ஒரு மனிதருக்கு எப்படித்தான் பசிக்கிறது என்று, ஒரு கிழமை நான் வாப்பாவோடு கதைக்கவில்லை.