சிவகலா சொல்லிவிட்ட பெயர்

சிவகலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அவளுடைய கணவன் சிறீதரனே சொல்லுவான். ஆனால் வேலை செய்யும் வீடுகளின் கதையை அவள் ஒருநாளும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகச் சுவிஸ் நகரமான சோலோதுர்னுக்கு வந்தவள் முதலில் அலுவலகங்களைத் துடைத்தாள். பிறகு பராமரிப்புப் பயிற்சி முடித்து, தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். யாருடைய மகன் எட்டியும் பார்ப்பதில்லை, யார் இரவில் அழுகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சிறீதரனுக்கு அவர்களில் ஒருவருடைய பெயர்கூடத் தெரியாது.

அவர்களில் ஒருவர் ஃபிராவ் கெர்பர், அதாவது திருமதி கெர்பர். ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீட்டில் இருந்தார். பிறப்பால் ஆங்கிலேயர். இளவயதில் மொழி கற்பிக்க வந்து, இங்கேயே ஒருவரை மணந்து, அவரையும் அடக்கம் செய்துவிட்டுத் தனித்துப்போனவர். அதிகம் பேசமாட்டார். சிவகலாவின் பேச்சு மட்டும் அவருக்குப் பிடிக்கும்.

ஒரு காலை அவருடைய தலையை வாரிக்கொண்டிருந்தபோது சிவகலா தன் மகள் மதுஜாவைப் பற்றிச் சொன்னாள். சின்னவளாக இருந்தபோது நூலகத்திலிருந்து டில்லி புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவாளாம். டில்லி என்ற சிறுமியும் அவளோடு பேசும் கொக்கும் வரும் ஆங்கிலக் கதைகள். எட்மண்ட் ஹார்க்ரொஸ் என்பவர் எழுதியவை. மகள் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலிருந்து சொல்லச் சொல்லக் கேட்டுச் சிவகலாவும் சிரித்திருக்கிறாள்.

ஃபிராவ் கெர்பர் சீப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தக் கொக்கு பேசாது. பாடம் பண்ணிய கொக்கு. என் கையில் கொடுத்து அப்பா படம் எடுப்பார். அதன் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது."

சிவகலாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது: அந்தக் கதைகளின் டில்லி இவர்தான்.

அன்று ஃபிராவ் கெர்பர் நிறையப் பேசினார். ஹார்க்ரொஸ் வங்கி எழுத்தராக இருந்தவர். மகள் தூங்க மறுத்த ஒரு மழைக்காலத்தில் சொன்ன கதைதான் முதல் புத்தகம். அது விற்கத் தொடங்கியதும் வேலையை விட்டார். அதன் பிறகு மகளுக்கென்று அவர் ஒரு கதைகூடச் சொன்னதில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஊரார் பிள்ளைகளுக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகர்கள் வந்தால் அவளுக்குக் கதையில் டில்லி போடும் நீலச் சட்டையை மாட்டி வெளியே அழைப்பார். சட்டை சிறுத்துப்போன பிறகும் அதேபோல் பெரிதாக இன்னொன்று தைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொக்குப்போல ஒற்றைக்காலில் நின்று பழித்தார்கள். இங்கிலாந்தில் வைத்த அவளுடைய கல்யாண விருந்தில் அப்பா எழுந்து, "எங்கள் டில்லி பறந்துபோகிறாள்" என்று பேசினார். விருந்தினர் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் அங்கே போகவே இல்லை.

"இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் சொல்கிறேன். உன்னோடு இருக்கட்டும்."

"இருக்கும்" என்றாள் சிவகலா. மனதாரத்தான் சொன்னாள்.

அந்த நாட்களில் மதுஜா வீட்டில் பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தாள். பள்ளி இறுதித் தேர்வு நெருங்கியிருந்தது. கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில், பிறகு அறைக்கதவு. ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் அவள் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவகலாவிடம் இருந்ததில் மகளுக்குப் பிடிக்கக்கூடியது அந்த ஒன்றுதான்.

"பிள்ளை, உன்ர டில்லி உயிரோட இருக்கிறா. இஞ்ச, எங்கட ஊரிலதான்."

மதுஜா நிமிர்ந்தாள். "என்னம்மா சொல்லுறீங்கள்? உண்மையாவோ?"

சோறு ஆறும்வரை இரண்டுபேரும் கதைத்தார்கள். மகளின் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சத்தைக் கண்ட சந்தோசத்தில் சிவகலா வீடு இருக்கும் தெருவைக்கூடச் சொல்லிவிட்டாள். எழும்பும்போதுதான், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றாள். "ஓம் அம்மா" என்றாள் மதுஜா.

சில வாரங்களில் ஃபிராவ் கெர்பரின் வாசலில் பூங்கொத்துகள் இருந்தன. அடுத்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். பிறகு ஒரு குடும்பம், நீலச் சட்டை போட்ட சிறுமியோடு, சூரிச்சிலிருந்து ரயில் பிடித்து வந்து, கீழே நின்று "டில்லி! டில்லி!" என்று கூப்பிட்டது. ஃபிராவ் கெர்பர் பகலிலும் சன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு இருட்டுக்குள் இருந்தார். சிவகலா போனபோது கதவைத் திறந்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்த கையோடு மகளைப் பிடித்தாள்.

"ஆருக்குச் சொன்னனி?"

மதுஜா கைபேசியை மேசையில் கவிழ்த்துவைத்தாள். "அந்தப் புத்தகங்களை வாசிக்கிற ஆக்கள் இணையத்தில ஒரு குழு வைச்சிருக்கினம். டில்லி செத்திட்டா எண்டு ஒராள் எழுதியிருந்தார். இல்லை எண்டு மட்டும்தான் போட்டனான். பிறகு எங்க எண்டு கேட்டினம், அதையும் போட்டனான். இப்ப அழிச்சுப்போட்டன் அம்மா. எல்லாரும் அவவில அன்பாத்தானே இருக்கினம்?"

"அந்த அன்புக்குப் பயந்துதான் அந்த மனுசி ஓடி வந்தது!"

மதுஜா அழுதாள். சிவகலாவுக்கு அடிக்கக் கை எழவில்லை. வாக்கை முதலில் உடைத்தது யார் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவளே மேலாளரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். மேலாளர் நல்லவர்தான். ஆனாலும் நோயாளியின் இரகசியம் காப்பது சட்டம். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். ஃபிராவ் கெர்பரின் வீட்டுக்கு இனி வேறொருவர் போவார் என்றார். வேலை தப்பியதே பெரிது என்று சிறீதரன் சொன்னான். சிவகலாவுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

போகக்கூடாது என்று தெரிந்தும், வேலைச் சீருடையைக் கழற்றிவிட்டு ஒருமுறை போனாள். ஃபிராவ் கெர்பர் கதவைச் சங்கிலி போட்டபடி கொஞ்சமாகத் திறந்தார்.

"என்னை மன்னியுங்கள். என் வாயால்தான் வந்தது. மகளிடம் சொல்லிவிட்டேன்."

"உன் மகள் சந்தோசப்பட்டாளா?"

சிவகலா பொய் சொல்லவில்லை. "ஓம்."

ஃபிராவ் கெர்பர் தலையை ஆட்டினார். "என் அப்பாவும் மற்ற பிள்ளைகளைச் சந்தோசப்படுத்தத்தான் என்னைக் கொடுத்தார்."

கோபம் இல்லாமல், களைத்த குரலில் சொன்னார். பிறகு கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

சிவகலா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கீழ்வீட்டுக்காரர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்ட பிறகுதான் எழும்பினாள்.

இலையுதிர்காலம் தொடங்கியபோது அந்த வீடு காலியாகிவிட்டதாகக் கேள்விப்பட்டாள். மதுஜா தேர்வில் தேறிப் பேர்ண் நகருக்குப் படிக்கப் போயிருந்தாள். சனிக்கிழமைகளில் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பாள். தாயும் மகளும் இப்போது பார்த்துப் பார்த்துத்தான் கதைத்துக்கொண்டார்கள். மருந்துக்கடையில் அந்தக் கீழ்வீட்டுக்காரரைக் கண்டபோது, சிவகலா ஃபிராவ் கெர்பர் எங்கே போனார் என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார்."

சிவகலா அதற்குமேல் கேட்கவில்லை. சுகமாக இருக்கிறாரா என்று மட்டும் கேட்டாள். அவர் அதற்கும் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.