சுவர் தாண்டிப் போன கேபிள்

கட்டின பெண்டாட்டியைப் பற்றிப் புருஷனே எழுதினால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். சரிதாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் கிடையாது. லாரி புக்கிங் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவளுடைய லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் நான்தான்.

அவள் குமாரபாளையத்துத் தறிக்கார வீட்டுப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கம்பெனியில் பி.எல்.சி. வேலை பார்த்தாள். பி.எல்.சி. என்றால் மில்லை ஓட்டுகிற சின்னக் கணினிப் பெட்டி. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது மூட வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். ஒரு கம்பெனிப் பெட்டியை வேறொரு கம்பெனிப் பெட்டியோடு பேசவைப்பதில் சரிதா கெட்டிக்காரி. வேலை இவளுடையது, பெயர் மட்டும் மேலே இருப்பவருக்கு. ஒருநாள் கோபித்துக்கொண்டு வந்து, "இனிமே எம்பேர்லயே பண்ணப் போறேனுங்க" என்றாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. சொன்னால் மட்டும் கேட்கிறவளா?

முதல் வேலை ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ மில்லில் கிடைத்தது. ஜவ்வரிசி ஆலைதான். முதலாளிகள் அண்ணன் கைலாசம், தம்பி ஜீவானந்தம். பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரவள்ளிக் கிழங்கு அரைக்கிற மெஷின் ஒன்றே ஒன்று. அது அண்ணன் பக்கம். அரைத்த மாவுப்பாலில் பாதி அவருக்கு, பாதி சுவருக்கடியில் குழாய் வழியாகத் தம்பியின் தொட்டிக்கு. தொட்டி நிறைந்தால் தம்பி பக்கத்து ஆள் சுவரில் ஏறிக் கத்த வேண்டும். ஒருமுறை கத்தியது யார் காதிலும் விழாமல் மாவுப்பால் களமெல்லாம் ஓடியது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சும் நின்றது.

இருவர் பக்கமும் வேறு வேறு கம்பெனிப் பெட்டி. சரிதா செய்ய வேண்டியது இதுதான்: சுவர் தாண்டிப் போகும் கேபிள் வழியாகத் தம்பி தொட்டியின் மட்டத்தை அண்ணன் பக்கத்துப் பெட்டி தானே படித்து, நிறைந்ததும் பம்பை நிறுத்த வேண்டும். தம்பி பெட்டியிலிருந்து தகவல் வருவது நின்றாலும் பம்பு நின்றுவிட வேண்டும். சேகோ லைனில் எல்லோருக்கும் எல்லோரும் சொந்தம். இங்கே பெயர் கெட்டால் வேறெந்த மில்லிலும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு அதே கவலை. அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஓட்டிக் காட்டுவதற்கு முந்தின நாள் கைலாசம் போனில் கூப்பிட்டார். "ஏனுங்கம்மணி, தம்பி பக்கம் எத்தன மூட்டை ஓடுதுன்னு எம்பட ஸ்கிரீன்ல தெரியற மாதிரி பண்ணிப்போடுங்க. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில் தம்பி. "மேடம், அண்ணன் எத்தன லோடு கிழங்கு அரைக்கறாருன்னு எனக்குக் காட்டிருங்க. அவருகிட்ட மூச்சு விட்றாதீங்க."

"ரெண்டு பேருக்கும் போட்டுக் குடுத்துட்டுப் போயிரலாமே புள்ள, ஒருத்தருக்கொருத்தர் தெரியவா போகுது?" என்றேன். செய்வதும் சுலபம்தான். ஒரு பெட்டி கேட்டால் இன்னொரு பெட்டி எந்தக் கணக்கையும் கொடுத்துவிடும்.

"அடுத்தவங்க ஊட்டுக்குக் கள்ளச்சாவி செஞ்சு குடுக்கச் சொல்றீங்களா?" என்று அவள் பார்த்த பார்வையில் நான் டீ போடப் போய்விட்டேன்.

மறுநாள் பம்பு ஓடியது. தம்பி தொட்டி நிறைந்தது. யாரும் கத்தவில்லை, பம்பு தானாக நின்றது. தொட்டியைக் கொஞ்சம் இறக்கி, பம்பை மறுபடி ஓடவிட்டு, கேபிளைப் பிடுங்கிக் காட்டினாள், அப்போதும் நின்றது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

கைலாசம் ஸ்கிரீனை மேலும் கீழும் பார்த்தார். "நான் சொன்ன இன்னொரு வேலைங்க அம்மணி?" என்று மெல்லக் கேட்டார். பம்பு நிற்பதைப் பார்க்க அன்றைக்கு மட்டும் அண்ணன் பக்கம் வந்து நின்ற ஜீவானந்தம் தொண்டையைச் செருமினார்.

"அதே வேலையத்தான் உங்க தம்பியும் கேட்டாருங்க" என்றாள் சரிதா, எல்லோருக்கும் கேட்கும்படி. "நீங்க அவரு மூட்டையப் பாக்கோணும்னீங்க, அவரு உங்க லோடப் பாக்கோணும்னாரு. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தருக்குக் காட்ட மாட்டேனுங்க. ரெண்டு பேரும் சரின்னா போடறேன். இல்லீன்னா தொட்டி மட்டம் மட்டுந்தான்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாளே என்று நினைத்துக்கொண்டேன். கைலாசத்தின் முகம் சிவந்தது. ஆனால் அவர் திரும்பியது தம்பி பக்கம்.

"ஏன்டா, எங்கிட்டக் கேட்டா சொல்ல மாட்டனா?"

"நீங்க கேட்டிருந்தா நானுந்தான் சொல்லியிருப்பனுங்கண்ணா."

ஜீவானந்தம் சரிதாவைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினார். பிறகு கைலாசம், "ரெண்டு பக்கமும் போட்டுருங்கம்மணி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் யாருக்கோ போன் போடுவது தெரிந்தது. முடிந்தது நம் கதை என்று நான் பையைக் கட்டத் தொடங்கினேன். பார்த்தால், ஆத்தூரில் மில் வைத்திருக்கும் மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு அம்மணி வந்திருக்குது மச்சான், வேலை சுத்தம். உம்பட மில்லுக்கும் கூப்புடு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க, அதுகிட்டத் திருட்டு வேல சொல்லாத. ஊரறியச் சொல்லிப்போடும்."