செல்லபாயின் மோதிர விரல்

செல்லபாய்க்கு மோதிரம் கழற்றத் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் கேலி பேசுவார்கள். தெரியாமல் என்ன? கழற்ற மாட்டாள், அவ்வளவுதான்.

நாகர்கோவில் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் வார்டு ஆயா. விடிந்ததிலிருந்து கை ஈரத்திலேயே கிடக்கும். தரை துடைக்க லைசால், பாத்திரம் கழுவச் சோடா, கை கழுவக் கார்பாலிக் சோப்பு. மோதிரமோ நல்ல பட்டையான மோதிரம். அதன் அடியில் சோப்புத் தண்ணீர் போய்த் தங்கித் தங்கி, தோல் வெளுத்து, வெடித்து, கடைசியில் நீர் வடிய ஆரம்பித்துவிட்டது. தேங்காயெண்ணெய் தடவினாள். அடியில் துணிநாடா சுற்றினாள். அந்த நாடாவும் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இன்னும் படுத்தியது. வலதுகைக்கு மாற்றிப் பார்த்தாள். சாப்பிடும்போதெல்லாம் சோறும் குழம்பும் இடுக்கில் போய் அப்பிக்கொண்டன. மோதிரம் திரும்பவும் இடதுகைக்கே வந்தது.

நர்ஸ் ஜெபகுமாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “விரலையே எடுக்கணும்னு டாக்டர் சொன்னாத்தான் கழட்டுவியா? கழுத்திலே போட்டா கர்த்தர் கோவிச்சுக்கிடுவாரா?”

கர்த்தர் கோபிக்க மாட்டார். ஊர்வாயை யார் அடைப்பது? செல்லபாயின் வீட்டுக்காரர்கள் தாலியே வேண்டாம் என்ற பழைய மிஷன் குடும்பம். அந்த ஒற்றை மோதிரம்தான் அவள் கல்யாணம் ஆனவள் என்பதற்கு அடையாளம். புருசன் கண்ணெதிரே நின்றால் மோதிரம் எங்கே கிடந்தாலும் யார் கேட்கப் போகிறார்கள்? அவளுடைய புருசன் ரசலையன், சுதந்திரம் வந்த மறுவருஷம் கொழும்புக்குக் கப்பலேறியவன். தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதப் போனான். ஒன்றிரண்டு வருஷம் கடுதாசி வந்தது. பாஸ்போர்ட்டு, விசா என்று அங்கே கெடுபிடி வந்த பிறகு கடுதாசி நின்றது. ஆள் என்ன ஆனானோ, ஒரு தகவலும் இல்லை.

விரல் பழுத்துக் காய்ச்சல் வந்த அன்று அவளால் முடியவில்லை. கையை நீட்டிவிட்டாள். வீங்கிய விரலில் ஜெபகுமாரி தையல்நூலை நெருக்கிச் சுற்றி, எண்ணெய் விட்டு, நூலை அடியிலிருந்து மெல்லப் பிரித்துப் பிரித்து மோதிரத்தை மேலே கொண்டுவந்தாள். செல்லபாய் வலியில் அழுதாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மோதிரத்தை ஸ்பிரிட்டில் துடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து, சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டாள். யார் கண்ணிலும் படாது. ஆனால் நெஞ்சில் உரசிக்கொண்டே கிடக்கும்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வெளியே வந்தால் அவளுக்கு ஒரு தொல்லை உண்டு. அடுத்த வீட்டு நேசம்மாள் ஊரெல்லாம் கேட்கக் கூவுவாள்.

“ஏட்டி செல்லபாயி, ரசலையன் கடுதாசி போட்டானா?”

இவள் இல்லை என்று தலையாட்ட, நாலு பேர் உச்சுக்கொட்ட, மானம் போகும். இந்தச் சனியனுக்குப் பயந்தே எத்தனையோ வாரம் குளத்துக்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

மோதிரம் விரலை விட்டுப் போன அந்த ஞாயிறு நேசம்மாள் கேட்கவில்லை. கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். “மரச்சீனிக் கிழங்கு என்ன விலை விக்குது பாத்தியா?” என்று வேறு பேச்சுக்குப் போனாள். அப்பாடா என்றிருந்தது செல்லபாய்க்கு. அடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. அதற்கடுத்தும் இல்லை. வேறு யாரும் கேட்கவில்லை. காணிக்கையாக வந்த விளைச்சலைக் கோயிலில் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய்க்குப் பின்னால் நின்று நேசம்மாள் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

“பாவம், அதுக்குத் தகவல் வந்திருக்கும் போல. தானாவே மோதிரத்தக் கழட்டிட்டு. நாம வாய தொறந்து கேக்கப்பிடாது, கேட்டியா?”

ஓடிப்போய், “அவிய சாகல்ல, என் விரலுதான் புண்ணு” என்று சொல்லியிருக்கலாம். சாகவில்லை என்று இவளுக்கு மட்டும் யார் சொன்னது? அந்த ஒரு யோசனையில் கால் நகரவில்லை. அப்படியே நின்று ஒரு வாழைத்தாரை ஏலம் கேட்டுவிட்டு வந்தாள்.

புருசன் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. பெண்டாட்டி சொல்லக்கூடாத பெயர் அல்லவா அது? ஜெபத்தில்கூட “அவிய” என்றுதான் சொல்வாள். கர்த்தருக்குத் தெரியாதா என்ன! அந்தப் பெயர் காதில் விழுந்ததெல்லாம் ஊரார் வாயிலிருந்துதான். இப்போது ஊரும் வாயை மூடிக்கொண்டது. எத்தனையோ ஞாயிறு போன பிறகும் ரசலையன் என்று ஒரு குஞ்சுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது அந்த அமைதி அவளை அறுத்தது. நேசம்மாளின் அந்தக் கேவலமான கூவலைக்கூட ஏங்கும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வருஷம் ஓடியது. புண் ஆறி விரல் மெலிந்துவிட்டது. “வேலை இல்லாத நாளு போட்டுக்கோ. கைய நல்லா ஈரம் போகத் துடைச்சுட்டுப் போடு, ராத்திரி கழட்டி வச்சிரு” என்றாள் ஜெபகுமாரி. மோதிரம் தொளதொளவென்று கிடந்தது. உள்பக்கம் நூல் சுற்றி இறுக்கிப் போட்டுக்கொண்டு செல்லபாய் ஞாயிறு கோயிலுக்குப் போனாள். நேசம்மாள் கண்ணில் படும்படி பாட்டுப்புத்தகத்தை இடதுகையிலேயே பிடித்திருந்தாள்.

பட்டது. கோயில் விட்டதும் நேசம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“கள்ளி! சொல்லவே இல்லியே! நல்ல காரியம் மக்கா, எத்தனை நாளு ஒத்தையிலே கெடப்பே? தோவாளைச் சந்தையிலே கல்யாணப் பூவுக்கு நான் சொல்லுதேன். ஆளு எந்த ஊரு?”

செல்லபாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மெல்லச் சொன்னாள்.

“கொழும்பிலே இருக்காவ.”

“கொழும்பா! நல்ல சம்பளம் உண்டும். பேரு என்னட்டி?”

ரசலையனை வாரந்தோறும் கேட்ட வாய் அது. அவனை மறந்தே போய்விட்டிருந்தது. செல்லபாய் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு ஆயுசில் முதல் தடவையாகப் புருசன் பெயரைச் சொன்னாள்.

“ரசலையன்.”

நேசம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது. பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

“இன்னுமாட்டி?” என்றாள்.