வால்வு தளர்ந்திருக்கவில்லை

ஜூன் 12, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்தேன். இருவருக்கும் மதியச் சோறு கட்டினேன். குண்டசாலையில் பஸ் ஏறி, கண்டியில் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்குப் போனேன். நாள் முழுவதும் மருந்துச் சீட்டுகளைப் படித்து மாத்திரைகளை உறையிலிட்டுக் கொடுத்தேன். ஒரு பிழையும் நேரவில்லை. என் கணவரின் கை நசுங்கியதற்கு நான்தான் காரணம் என்பதை அன்றும் அவரிடம் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். உங்களிடம் சொல்வது எளிது... நீங்கள் காலையில் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

அவர் பெயர் செல்வம். பாடசாலைப் பிள்ளைகளைக் கண்டிக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். வேனோடு ஒரு பழைய ஹைட்ரோலிக் ஜாக் இருந்தது. போத்தல் போன்ற உருவம். கைப்பிடியை அடித்தால் உள்ளிருக்கும் எண்ணெய் நடுத்தண்டை மேலே தள்ளி வேனைத் தூக்கும். அடியில் உள்ள சிறிய வால்வைத் தளர்த்தினால் இறங்கும். இந்த வருடத் தொடக்கத்தில் அது தூக்க மறுத்தது. புதிது வாங்கிவிடலாம் என்றார். நான் விடவில்லை. பழுதான எதையும் கழற்றிப் பார்க்காமல் எறிய எனக்கு மனம் வராது. எங்கள் வீட்டு மின்விசிறியும் தையல் மெஷினும் என் கையால் திருத்தியவைதான்.

மார்ச் மாதப் பௌர்ணமியன்று, போயா விடுமுறையில் சமையலறை மேசைமேல் பத்திரிகையை விரித்து ஜாக்கைக் கழற்றினேன். கறுத்துப்போன எண்ணெயை வடித்தேன். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கினேன். கண்டியில் வாங்கி வந்திருந்த புதிய ரப்பர் சீல்களை மாட்டினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் ஹைட்ரோலிக் எண்ணெய் வாங்க மறந்தது தெரிந்தது. போயா என்பதால் கடைகள் பூட்டு. அலுமாரித் தட்டில் வேனுக்கு வாங்கிய பிரேக் ஒயில் இருந்தது.

அதை ஊற்றினேன்.

ஒரு நாள் பொறுத்தால் என்ன குறைந்திருக்கும்? ஒரே நிறம் என்பதற்காக ஒரு மருந்துக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுப்பவளா நான்? பிரேக் ஒயிலில் அந்த வகை ரப்பர் முதலில் ஊதும், பிறகு இளகிக் கெட்டுப்போகும் என்பதைப் பின்னால்தான் படித்தேன். ஊதிய ரப்பர் இறுக்கமாகப் பிடித்ததால் என் ஜாக் முதலில் அருமையாகத் தூக்கியது. அவர் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

இது வரைக்கும் அறியாமை. இதோடு நின்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன்.

ஏப்ரல் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் புசல்லாவையில் இருக்கும் தங்கையை அழைத்துவர பஸ்ஸில் போயிருந்தார். ஜாக் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, நான் வால்வை இறுக்கி, அதை வேனுக்கு அடியில் வைத்துத் தூக்கிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். மதியம் வந்து பார்த்தபோது வேன் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. வால்வு இறுக்கமாகவே இருந்தது. உள்ளே சீல் கெட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. சொல்லத்தான் இருந்தேன்.

மாலையில் தங்கையோடு வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்தார். "இந்தா, ஜாக்கப் பாரு. உங்க அண்ணி செஞ்சது. கராஜ்காரன் எல்லாம் இனி இவகிட்ட டியூஷன் எடுக்கணும்."

"அப்ப எங்க வீட்டு கிரைண்டரையும் கொண்டாறேன் அண்ணி," என்றாள் அவள். "கூடவே எங்க வீட்டுக்காரரையும் கொண்டாறேன். அவருக்கும் ஒரு சீல் மாத்தணும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாளில் யாருக்கும் தெரியாமல் திரும்பக் கழற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே அவர் வேனின் டயரைக் கழற்றினார். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாக வேனைத் தூக்கியதும் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுப்பார். அன்று வைக்கவில்லை.

"கட்டை வைங்க," என்றேன்.

"ஒன் ஜாக் இருக்கிறப்ப கட்டை எதுக்கு வசந்தி?"

'அது இறங்குது' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் அடுத்த சட்டையை எடுத்து உதறினேன்... வேன் விழுந்த சத்தமும் அவர் குரலும் ஒன்றாகக் கேட்டன.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்து வேனைத் தூக்கிக் கையை எடுத்தார்கள். அவர்கள் ஆட்டோ பிடிக்கப் போன இடைவெளியில் நான் குனிந்து வால்வைத் தொட்டுப் பார்த்தேன். முழுதாக இறுக்கியிருந்தார். ஆட்டோவில், துண்டு சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "நான் வால்வ இறுக்கலியா?"

"கொஞ்சம் தளர்ந்துதான் இருந்திச்சு," என்றேன்.

இதுதான் என் குற்றம். மற்றவை எல்லாம் இதற்கு வந்து சேர்ந்த வழி.

இரண்டு விரல்கள் இனி மடங்காது. வேன் ஓட்டத் தடையில்லை என்றார் டொக்டர். அவரும் ஓட்டினார். ஆனால் பாதி வழியில் நிறுத்தி இறங்கி, சக்கர நட்டுகளைத் தொட்டுப் பார்ப்பார். ஏறி உட்கார்ந்தவர் மறுபடியும் இறங்கிக் கதவை இழுத்துப் பார்ப்பார். "அங்கிள், பெல் அடிச்சிரும்," என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஜூன் முதல் வாரத்தில் சொன்னார்: "வால்வ மறந்தவன் நாளைக்கு பிரேக்க மறப்பான். ஊர்ப் பிள்ளைங்க வசந்தி. வித்துருவோம்." பதினெட்டு வயதிலிருந்து ஸ்டியரிங் பிடித்தவர். வேறு வேலை அவருக்குத் தெரியாது. நான் வாய் திறந்தால் அவர் தன் கையைத் திரும்பவும் நம்புவார். எனக்கு அது தெரியும்.

அந்த வியாழன் மாலை வேனைப் பார்க்கத் திகனயிலிருந்து ரிஸ்வான் என்பவர் வந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டார், அடியில் குனிந்து பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான் ஈக்கிது நானா. எதுக்கு விக்கிறீங்க? எனக்குத் தெரியாம உள்ளுக்கு ஏதாச்சும் கோளாறு ஈக்கா?"

"கோளாறு வண்டியில இல்ல தம்பி. ஓட்டுறவன்கிட்ட." விரல்களைக் காட்டினார்.

ரிஸ்வான் பார்வையை வேன் பக்கம் திருப்பினார். "ஜாக்கும் சேத்துத்தானே?" என்று கேட்டார்.

"பின்ன? எங்க வீட்டம்மா செஞ்ச ஜாக். அதுல ஒரு குத்தமும் சொல்ல ஏலாது."

ரிஸ்வான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்ப பயமில்ல அக்கா. நம்பி அடியில படுக்கலாம்."

நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வந்து வேனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அடுப்பு மூட்டும் முன், ஜாக்கைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து, கடைசிச் சொட்டு வரை எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்தேன். எண்ணெய் இல்லாத ஜாக் எதையும் தூக்காது. எதையும் யார்மேலும் போடாது. முகம் கழுவ வந்தவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன, ஒழுகுதா?"

"ஆமா. இனி தூக்காது. அவருக்குக் குடுக்காதீங்க."

அவர் என் பக்கத்தில் குந்தினார். மடங்காத விரல்களால் வால்வை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் விழுத்துனதுலதான் பழுதாகியிருக்கும்," என்றார். "நீ எவ்வளவு பாடுபட்டு செஞ்ச."

நான் தகரத்தின் மூடியை அழுத்தி மூடினேன்.