பத்து மாத மருந்து

வெள்ளைத்தாய்க்கு வந்தது என்ன நோய் என்று கண்டுபிடிக்க டாக்டர்களுக்கு ஏழு வருடம் ஆயிற்று. அதற்கான மருந்தை அவள் மாமியார் மாடத்தி இரண்டே வருடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அந்த மருந்தின் பெயர் கர்ப்பம்.

நான் அப்போது ராஜபாளையத்தில் அரசாங்க நர்ஸ். வீடு வீடாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் சேர்ப்பது என் வேலையில் பாதி. மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று மேலே இருந்து இலக்கு வரும். அதனால் ஒரு பெண்ணைப் பார்த்தால் அவள் முகத்துக்கு முன்னால் பிள்ளைகளின் எண்ணிக்கைதான் எனக்குத் தெரியும். இதை மறைத்துவிட்டு மற்றவர்களைக் கேலி பேசினால் நியாயமாகாது.

வெள்ளைத்தாய் கூமாப்பட்டிக்காரி. 1982இல் டீக்கடை சோணைமுத்துவுக்கு வாக்கப்பட்டு வந்தாள். பேண்டேஜ் துணி சுருட்டும் பட்டறையில் அவளைப் போலக் கை வேகம் உள்ளவர்கள் யாரும் இல்லை. முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் விரல் கணுக்கள் வீங்கின. காலையில் எழுந்து இரண்டு மணி நேரத்துக்குக் கை மூடாது. பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் போட மாட்டாமல் தவிப்பாள்.

“வேலைன்னா வீங்கும், சோறுன்னா வத்திரும்” என்றாள் மாடத்தி.

அடுத்தது உண்டானது. நான்காம் மாதத்தில் வலி போன இடம் தெரியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். பட்டறையில் பழைய வேகத்தில் துணி சுருட்டினாள். பிள்ளை பிறந்தது, வலி திரும்பி வந்தது, இம்முறை முழங்காலிலும் உட்கார்ந்துகொண்டது.

“இவளுக்கு வயிறு சும்மா கெடந்தாத்தான் நோவு. உண்டானா எல்லாஞ் சரியாப் போகுது” என்று மாடத்தி தீர்ப்புச் சொன்னாள். மூன்றாவது பிள்ளையும் வந்து அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

1990இல் அவள் கை வீக்கத்தைப் பார்த்து நானே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் மதுரைக்கு ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் இது முடக்குவாதம் என்று சொல்லிப் பொறுமையாக விளக்கினார். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல், இவளுடைய மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. கர்ப்ப காலத்தில் சில ஹார்மோன்கள் பல மடங்கு ஏறும். அப்போது அந்தக் காவல் கொஞ்சம் அடங்கும். பிரசவமானதும் ஹார்மோன் இறங்கும், அடி மறுபடி தொடங்கும். ஆகவே இந்த மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், சாப்பிடும் காலத்தில் கர்ப்பம் கூடவே கூடாது.

டாக்டர் ஆரம்பித்தபோது சோணைமுத்து என்னிடம் பஸ் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபோது குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நடுவில் சொன்னது மட்டும் அவர் மனதில் நன்றாகப் பதிந்தது.

மறுநாளே டீக்கடையில் பிரசங்கம் தொடங்கிவிட்டது. “எங்காத்தா சொன்னதத்தான் மதுரை டாக்டரும் சொல்லுதாரு. அவளுக்கு ஹார்மோன் கொறச்சல். அது எந்தக் கடையிலயும் விக்காது, வயித்துலதான் ஊறணும்.” வடை தின்ன வந்தவர்கள் எல்லோரும் ஹார்மோன் படித்துவிட்டுப் போனார்கள். வாங்கி வந்த மாத்திரை அலமாரியில் தூங்கியது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். சோணைமுத்து யாரையும் கொல்லவில்லை. அவருடைய வைத்தியத்தில் ஆட்கள் பிறந்துகொண்டிருந்தார்கள்.

நான்காவது பிரசவத்தில் வெள்ளைத்தாய் பிழைத்ததே பெரிது. ரத்தம் அவ்வளவு போயிருந்தது. இன்னொன்று தாங்காது என்று பிரசவம் பார்த்த டாக்டரம்மா சொல்லிவிட்டார். நான் ஆபரேஷன் பாரத்தை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அந்தக் காலத்தில் புருஷன் கையெழுத்து இல்லாமல் பாரத்தை வாங்க மாட்டார்கள்.

“நல்லாயிருக்கே நர்சம்மா. அவ மருந்துக் கடைய நானே பூட்டணும்ங்கியளா?” என்றார். கடையே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கொதிக்கும் பால்சட்டியைக் கவிழ்த்திருப்பேன்.

அப்போது வெள்ளைத்தாய் கைக்குழந்தையோடு கடைக்குள் வந்தாள். பொய் சொல்லி அவளை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. “ஆபரேஷன் பண்ணினா உன் வலி தீராதும்மா. ஆனா அதுக்குப் பொறவு பயமில்லாம மாத்திரை சாப்பிடலாம்” என்றேன்.

“கேட்டியாட்டி? வலி தீராதுன்னு நர்சம்மாவே சொல்லுதாக” என்றார் சோணைமுத்து.

“நீங்க குடுத்த மருந்து மூணு குடிச்சாச்சு. மூத்ததோட சேத்து நாலும் இப்பச் சோறு கேக்குது. போடுங்க கையெழுத்த” என்றாள் அவள்.

கடை மறுபடி சிரித்தது. இம்முறை சோணைமுத்து சிரிக்கவில்லை. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. அவரைத் தொட வைத்தது, பின்கட்டில் பிள்ளைகளின் துணியை அலசிக்கொண்டிருந்த மாடத்தியின் குரல்.

“ஏலே, போட்டுத் தொலைலே! பத்து மாசம் அவ சொகமா இருக்கா. பொறவு அம்புட்டையும் தூக்கிச் சொமக்கது நாந்தானலே? எனக்கு ஒரு ஹார்மோனும் ஏறலையே!”

இப்படியாக மாடத்தி தன் மருந்தைத் தானே வாபஸ் வாங்கிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் முகாமில் ஆபரேஷன் முடிந்தது. என் அந்த மாத இலக்கும் நிறைந்தது. அதிலும் எனக்குச் சந்தோஷம்தான்.

வெள்ளைத்தாய் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாள். வீக்கம் பாதி வற்றியது, மீதி நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்ததால்தான் அந்த மீதி என்று சோணைமுத்து கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வருடம் கழித்து அவளைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கூமாப்பட்டிக்குப் போக வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நின்றாள். “எப்படிம்மா இருக்கே?” என்றேன்.

“வலிக்குக்கா” என்றாள், சிரித்த முகத்தோடு.

ஆபரேஷனுக்கு முன்னால் பத்து வருடமாக எத்தனையோ முறை அவளிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ‘பரவாயில்லக்கா’ என்றுதான் சொல்லியிருக்கிறாள். நானும் நம்பி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வலிக்குன்னு சொன்னா அடுத்த புள்ளைக்கு ஏற்பாடு பண்ணிருவாகளேக்கா. அதான் வாயத் தொறக்கதில்ல. இப்ப எம்புட்டு வேணும்னாலும் சொல்லிக்கிடலாம்லா.”

பஸ் வரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்த விரல், எந்தக் கணு, காலையில் எப்படி, மழைக்கு எப்படி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அன்றுதான் நான் காதுகொடுத்துக் கேட்டேன்.