முழங்கைக்குப் பக்கத்தில் புல்

மகளின் கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கனடாவில், மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற என் கணவரின் அந்தக் கண்டறியாத காரில் நான் ஏறினேன். ஏறினேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. நிலத்தோடு கிடக்கிற கார் அது, அதற்குள் இறங்கித்தான் உட்கார வேண்டும். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். உயரத்திலிருந்தே தெருவைப் பார்த்துப் பழகிய எனக்கு, பக்கத்தில் போகும் லொறியின் சில்லு முகத்துக்கு நேரே சுழல்வதைப் பார்க்கவே பிடிக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஜப்பானில் செய்த கார். இரண்டு டேர்போ, தூங்கி எழும்புவதுபோல மேலே எழும்புகிற முன்விளக்குகள், இரண்டே இரண்டு இருக்கை. அந்தக் காலத்தில் ஜப்பான் கம்பனிகள் தங்களுக்குள் பேசி வைத்து எல்லாரும் ஒரே குதிரைவலுவைத்தான் கடதாசியில் எழுதினார்களாம், எஞ்சின் உண்மையில் அதைவிடக் கூட இழுக்குமாம். என் கணவர் இதைச் சொல்லாத ஆள் ஸ்காபரோவில் இல்லை. நாங்கள் வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தபோது, யாரோ எறிந்த சஞ்சிகையில் இந்தக் காரின் படத்தைக் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்த மனுசன் அவர். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டு வந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு கப்பலில் ஒன்றை இறக்கினார். இந்த மாதிரி வேகக் காருக்கு ஓட்டோ கியரோ என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஜப்பானில் எங்கள் ஊரைப்போல வாகனங்கள் இடப்பக்கத்தால் போகும். அதனால் இந்தக் காருக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். கனடாவில் எல்லாம் மறுவளம். இங்கே ஓட்டுநர் இருக்க வேண்டிய இடத்தில் நான் கையில் ஒன்றுமில்லாமல் இருப்பேன், எதிரே வருகிற வாகனமெல்லாம் என் பக்கத்தால் போகும். திறப்பைப் போட்டுத் திருகியதும் காரின் ஒலிபெருக்கிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஜப்பான்காரி பணிவாக ஏதோ சொல்லுவாள்.

“கவனமாய்ப் போயிட்டு வாங்கோ எண்டு சொல்லுறா” என்பது அவர் செய்த மொழிபெயர்ப்பு. மகள் ஒருநாள் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, சுங்கவீதிக்கான கார்ட் செருகவில்லை என்றுதான் அவள் சொல்கிறாள் என்றாள். அவர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. “உங்கடை ரெண்டாந்தாரம் இண்டைக்கு என்ன சொல்லுறா?” என்று நான் கேட்டுக்கொண்டுதான் ஏறுவேன்.

இங்கே எங்கள் ஆட்களின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்த இத்தாலியக் காரில் உறுமிக்கொண்டு வந்து இறங்குவது இப்போது தாலி மாதிரி ஒரு கட்டாயம். எங்கள் மகள் மட்டும் இந்தக் கார் வந்து இறங்கிய நாளிலிருந்தே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். “நான் அப்பான்ரை காரிலைதான் மண்டபத்துக்கு வருவன். அப்பாதான் ஓட்டோணும்.” அந்த ஒரு ஓட்டத்துக்காகவே அவர் அந்தக் காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அந்த ஞாயிறு காலை ஓட்டம் அதற்கான ஒத்திகை. மகளின் இடத்தில் நான்.

மோர்னிங்சைட் வழியாக வடக்கே ஏறி, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் ஒரு காஸ் ஸ்டேசனில் எண்ணெய் அடித்தோம். தெருவில் ஒரு வாகனமும் இல்லை. அவர் காரை வெளியே எடுத்து இடப்பக்கம் திருப்பினார். மெல்ல வேகம் எடுத்தார்.

“இண்டைக்குத்தான் கார் கைக்கு வந்திருக்கு” என்றார். “இவ்வளவு நாளும் என்னவோ ஒண்டு இடறிக்கொண்டு இருந்தது. இப்ப சரி.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நானும் சந்தோசமாக வெளியே பார்த்தேன். புல்லில் பனி இன்னும் காயவில்லை. அழகாகத்தான் இருந்தது. அந்தப் புல் ஏன் என் முழங்கைக்கு இவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று யோசித்தேன். இந்தக் காரில் என் முழங்கைக்குப் பக்கத்தில் எப்போதும் தெருவின் நடுவில் போட்ட மஞ்சள் கோடுதானே ஓடும்? திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் கோடு அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கனடாவுக்கு வருமுன் ஊரில் அவர் லொறி ஓட்டியவர். வலப்பக்க இருக்கை, இடப்பக்கத் தெரு. முப்பது வருடம் இங்கே இடப்பக்க இருக்கையில் ஓட்டிப் பழகிய கைகள், இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும், ஆளில்லாத் தெருவைக் கண்டதும், அவரைக் கேட்காமலே ஊருக்குப் போய்விட்டன.

சொல்ல வாயைத் திறக்கிறேன், முன்னால் இருந்த ஏற்றத்தின் மேலே மண் ஏற்றும் ட்ரக் ஒன்றின் தலை தெரிந்தது. எங்களுக்கு நேரே.

“வலப்பக்கம் எடுங்கோ!”

அவர் இன்னும் இடப்பக்கம் ஒதுக்கினார். ஊர் லொறிக்காரன் ஒதுங்குகிற பக்கம் அதுதானே. ட்ரக்கின் ஹோர்ன் ஒரே இழுவையாக இழுத்தது. நான் எட்டி ஸ்டியரிங்கின் என் பக்கத்து விளிம்பைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மேலே தள்ளினேன். கார் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்தது. ட்ரக் என் கண்ணாடியை ஒட்டிக்கொண்டு போனது. அதன் சில்லு என் முகத்துக்கு நேரே சுழன்று போனதை இன்றைக்கும் கண்ணை மூடினால் காண்கிறேன்.

தெருவோரத்தில் நின்றோம். பிறகு எனக்கு வாய் வந்தது. வந்தால் தெரியும்தானே.

“விசர் மனுசா, என்ன கோதாரியைக் குடிச்சிட்டு வந்தனீங்கள்? இதிலை இருக்க வேண்டியது ஆர் எண்டு தெரியுமோ? என்ரை பிள்ளை. மணவறைக்குப் போற பிள்ளை. உந்தக் காரிலை அவள் ஏறமாட்டாள். சத்தியமாய் ஏறமாட்டாள்.”

அவர் ஸ்டியரிங்கை விடவே இல்லை. “எனக்கு ஒண்டும் பிழையாய்த் தெரியேல்லை” என்றார். “அதுதான் பயமாய்க் கிடக்கு. எல்லாம் சரியாய் இருந்தது.”

அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் மிஞ்சியது. பிழை என்று தெரிந்தால் திருத்தலாம். சரி என்று நினைக்கிறவரை என்ன செய்வது? வீட்டுக்கு நான்தான் ஓட்டி வந்தேன். இங்கே வந்தபிறகு ஓட்டப் பழகியவள் நான். என் கைகளுக்குத் திரும்பிப் போக வேறு தெரு இல்லை. “பிள்ளைக்கு இதைப் பற்றி மூச்சு விடக்கூடாது” என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அந்தக் கிழமை எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கல்யாணப் பலகாரம் சுட வந்த பெண்டுகள் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், கண் மட்டும் யன்னலுக்கு வெளியே அந்தக் காரில். அவர் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து அதைத் துடைத்தார். அதற்குள் ஏறித் தனியே உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை மண்டபத்துக்கு யார் ஓட்டுவது என்று கேட்டால் “பாப்பம்” என்பார்.

“என்னத்தைப் பாக்கிறது? ட்ரக் வந்தபிறகோ?”

அவர் துணியை எடுத்துக்கொண்டு திரும்பவும் காருக்குப் போனார். மகளோ தன் சிநேகிதிகளுக்குக் காரின் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டால் பிள்ளையின் உயிர், சொன்னால் தகப்பனின் மானம். நான் இரண்டுக்கும் நடுவில் லட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் திறப்பை ஒளித்துவிடுவது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை தேடினேன். திறப்பு கொழுக்கியில் இல்லை. அவருடைய சட்டைப் பைக்குள் இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை கார் பூமாலையோடு நின்றது. நான்கு சில்லுக்கும் கீழே கண்ணூறு படாமல் தேசிக்காய் வைத்தாகிவிட்டது. மகள் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடப்பக்க இருக்கையில் இறங்கி உட்கார்ந்தாள். அவர் பட்டு வேட்டியோடு வலப்பக்கக் கதவைத் திறந்தார். சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சத்தம் போடத் தயாராகத்தான் நான் போனேன்.

அவர் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, திறப்பை என்னிடம் நீட்டினார்.

“நீர் ஓட்டும்” என்றார். “நான் உம்மடை தம்பியின்ரை வான் வண்டியிலை பின்னாலை வாறன்.”

நான் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினேன். ஸ்டியரிங்குக்கு நேரே, முன்கண்ணாடியின் உட்பக்கத்தில், மஞ்சள் ஒட்டுநாடாவை வெட்டி ஒட்டிய ஓர் அம்புக்குறி. வலப்பக்கம் காட்டியது. ஓரங்கள் பிய்ந்திருந்தன. ஒட்டி, உரித்து, திரும்பவும் ஒட்டியிருக்கிறார். இதற்குள்தான் ஒவ்வொரு நாளும் தனியே உட்கார்ந்து தன் கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிய்ந்த ஓரத்தை விரலால் அழுத்திவிட்டேன்.

“அப்பாவுக்குக் கொஞ்சம் கண் கூசுதாம்” என்றேன் மகளிடம்.

“அம்மா, பொய் சொல்லாதேங்கோ. அப்பா எல்லாம் சொன்னவர்” என்றாள். “நேற்று இரவு. ட்ரக், நீங்கள் ஸ்டியரிங்கைத் தள்ளினது, எல்லாம். நான் ‘இட்ஸ் ஓகே அப்பா, நீங்களே ஓட்டுங்கோ, நான் பாத்துச் சொல்லுறன்’ எண்டனான். அவர் மாட்டன் எண்டிட்டார்.”

“ஏனாம்?”

“‘அம்மாவைக் காரிலை வைச்சுக்கொண்டு ஒருக்கால் பிழை விட்டிட்டன், அது போதும்’ எண்டார்.”

அவர் தம்பியின் வானுக்குப் போகாமல் இன்னும் என் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். குனிந்து உள்ளே பார்த்தார், மகளை அல்ல, என் கைகளை. நான் திறப்பைத் திருகினேன். ஜப்பான்காரி பணிவாகத் தன் வசனத்தைச் சொன்னாள்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “கார்ட் போடேல்லையாம், அம்மா.”

“இல்லையடி” என்றேன், அவருக்கும் கேட்கிற மாதிரி. “கவனமாய்ப் போயிட்டு வரட்டாம்.”

தேசிக்காய்கள் நசிந்தன. தெருவுக்கு இறங்கி இடப்பக்கம் திருப்பி, அவர் ஒட்டிய அம்புக்குறி காட்டிய வலப்பக்கத்தாலேயே மகளைக் கொண்டுபோனேன்.