சிபாரிசுக் கடிதமும் மூன்று பாட்டில் நெய்யும்

பர்மாவில், நகரத்தின் நடுவே இருக்கும் கியாக்டடா பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே என் மேசை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மின்சாரம் போனால் தாங்கிக்கொள்ள ஒரு பெரிய பேட்டரி. பர்மியத்தில் இருக்கும் குடும்பப் பட்டியல், பிறப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஆக்கி, மாடியில் இருக்கும் நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கித் தருவது என் பிழைப்பு. இந்த வருடங்களில் வெளியே படிக்கப் போகிறவர்கள் அதிகம். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அரைகுறையாகக் காகிதம் கொண்டுவருகிறவர்களைத் திட்டாமல் இருக்க முடியாது. திட்டு வாங்கியவர்களே தம்பி தங்கைகளையும் அழைத்து வருகிறார்கள் என்பதால் நான் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அந்தப் பெண்ணைத் திட்ட மட்டும் எனக்கு இடமே கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் எல்லாக் காகிதங்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல். இருபத்துநாலு வயது. கோர்க்காப் பெண். நேப்பாளிகளை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவளுடைய முன்னோர் பட்டாளத்தோடு வந்தவர்கள், என்னுடையவர்கள் ரயில் பட்டறை வேலைக்கு வந்தவர்கள். இரண்டு குடும்பமும் ஊன்றியது நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இன்சீனில்தான். நான் கல்யாணமாகி நகரத்துக்கு வந்துவிட்டேன். அவள் இன்னும் அங்கேதான், எட்டு மாடுகளோடும் அம்மாவோடும் இருந்தாள். அவள் வீட்டில் நேப்பாளி, என் வீட்டில் தமிழ், என் மேசையில் இருவருக்கும் பொதுவாகப் பர்மியம். பர்மியத்தில் அக்காவுக்கு 'மமா'. முதல் நாளே என்னை அப்படிக் கூப்பிட்டுவிட்டாள்.

தாய்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம். பாலைப் பதப்படுத்துவது பற்றி முதுகலைப் படிப்பு, உதவித்தொகையோடு. ஆங்கிலப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பாஸ்போர்ட் கையில் இருந்தது. ஏன் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதையும் எழுதியிருந்தாள். வாசித்துப் பார்த்தேன். அம்மா விடிவதற்கு முன் எழுந்து பால் கறப்பது, மாடுகளுக்கு நோய் வந்த வருடம், ஆசிரியர்களின் பெருமை என எல்லாம் இருந்தன. அவள் மட்டும் இல்லை.

"படிக்கணும்னு நீ ஆசைப்படறதா ஒரு வரிகூட இல்லையே?" என்றேன்.

"அப்படி எழுதினா பேராசை மாதிரி இருக்காதா, மமா?"

மண்டையில் அடித்துக்கொண்டேன். இருந்தாலும் இரண்டு வரி சேர்க்க வைத்தேன். அதைத் தட்டச்சு செய்யும்போது ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல அவள் முகம் இருந்தது.

மிச்சமிருந்தது சிபாரிசுக் கடிதம். இரண்டு வேண்டும். இதில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நாம் கையில் வாங்கி அனுப்ப முடியாது. ஆசிரியருடைய ஈமெயிலைக் கொடுத்தால் பல்கலைக்கழகமே அவருக்கு ஒரு லிங்க் அனுப்பும். அவர்தான் அதில் கடிதத்தை ஏற்ற வேண்டும். நமக்குத் தெரிவது நம் பக்கத்தில் வரும் ஒரே ஒரு சொல்: வந்தது, அல்லது வரவில்லை. ஒன்று வராவிட்டாலும் மற்றக் காகிதங்களைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள்.

முதல் கடிதம் அவள் வேலை செய்த இடத்து மேலாளருடையது. மூன்றே நாளில் வந்துவிட்டது. இரண்டாவது, கல்லூரியில் அவளுக்குப் பாடம் நடத்திய சயாமா, அதாவது டீச்சரம்மா, எழுத வேண்டியது. அவர் ஓய்வு பெற்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கியாக்தான் என்ற ஊரில் போய் இருக்கிறார். தொடக்கத்தில் ஒரு முறை போனில் கேட்டபோது ஆகட்டும் என்றாராம். அதன் பிறகு ஒரு மாதம் ஓடியும் 'வரவில்லை' அப்படியே நின்றது.

"நேர்ல போய் ஞாபகப்படுத்து" என்றேன்.

போனாள். பஸ் பிடித்து, ஆற்றைத் தாண்டி, அரை நாள் செலவழித்து. ஆசிரியர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வீட்டு நெய் ஒரு பாட்டில் கொண்டுபோனாள். மண்டியிட்டு மூன்று முறை வணங்கினாள். தேநீர் குடித்தாள். திரும்பி வந்தாள்.

"கேட்டியா?"

"எப்படிக் கேக்கறது, மமா? நெய்யக் குடுத்துட்டு உடனே கடிதம்னு கேட்டா, நெய்யே அதுக்குத்தான்னு ஆயிடாதா?"

"அப்ப நெய் இல்லாம போயிருக்கலாமே."

"வெறுங்கையோட எப்படி, மமா?"

பர்மியத்தில் 'ஆனாடே' என்று ஒரு சொல் உண்டு. ஒருவருக்குச் சங்கடம் கொடுத்துவிடுவோமோ என்று நம் நெஞ்சு கூசுவது. தமிழில் தாட்சண்யம் என்று சொல்லலாம்; ஆனால் தாட்சண்யம் பார்க்கிறவர்கள் ஒரு கட்டத்தில் வாயைத் திறந்துவிடுவார்கள். ஆனாடே பார்க்கிறவர்கள் திறக்க மாட்டார்கள். பத்து நாள் கழித்து இரண்டாவது பாட்டிலோடு போனாள். அதையும் கொடுத்துவிட்டு, வணங்கிவிட்டு, விருந்தாளிக்குக் கொடுக்கும் தேயிலைச் சாலட் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் புலம்பினேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "நெய் மட்டும் ஆறு தாண்டிப் போவுது, கடுதாசி ஒண்ணும் இந்தப் பக்கம் வரக் காணோமே" என்றார்.

"வாயத் தொறந்து கேட்டா முத்தா உதுந்துடும்? நம்ம ஆளுங்களா இருந்தா இந்நேரம் கேட்டு வாங்கியிருப்போம்."

"அப்ப நீ போய்க் கேளேன்."

ரோஷம் வந்துவிட்டது. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மேசையைப் பூட்டிவிட்டு நானே அவளோடு கிளம்பினேன். முந்தின நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: வெறுங்கையோடு வா, பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். மாலை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்றும் சொன்னேன். "அவங்க ஊர் அஞ்சு மணி, மமா. நமக்கு நாலரை" என்றாள் மெதுவாக. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற எனக்கு அது மறந்துபோயிருந்தது.

கியாக்தானில் இறங்கினோம். ஆற்றுக்கு நடுவில் இருக்கும் புத்தர் கோயிலுக்குப் போகிறவர்களுக்காகப் படித்துறை ஓரத்தில் பழம் விற்கிறார்கள். பத்தடி நடந்திருப்பேன். முன்பின் தெரியாத வீடு, வயதான அம்மாள், நான் கையை வீசிக்கொண்டு போய் நிற்பதா என்று இருந்தது. திரும்பிப் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். அவள் தன் தோள்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே மூன்றாவது பாட்டில் இருந்தது.

சயாமாவின் வீடு ஆற்றோரத்தில் ஒரு சின்ன மரவீடு. மெலிந்த உடம்பு, நரைத்த கொண்டை, அழகான சிரிப்பு. நெய்யைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் வாடியதுபோல எனக்குத் தோன்றியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேநீர் வந்தது. என் பெற்றோரைப் பற்றி விசாரித்தார். மாடு கன்று போட்டதா என்று அவளிடம் கேட்டார். மணி மூன்று. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சயாமா, நாங்க வந்த காரியம்" என்று தொடங்கினேன்.

அவர் சட்டென்று குறுக்கிட்டார். "காரியம் இருந்தாத்தான் வரணுமா? என் மாணவங்க எல்லாரும் காரியம் இருந்தா வருவாங்க. இவ ஒருத்திதான் சும்மா என்னைப் பாக்க வர்றா. எனக்கு அது போதும்."

என் வாய் மூடிக்கொண்டது. இதற்கு மேல் எப்படிக் கேட்பது? நாற்பத்திரண்டு வயதில், ஊரையே திட்டும் நான், ஒரு கிண்ணம் தேயிலைச் சாலட்டை முன்னால் வைத்துக்கொண்டு பூண்டுச் சீவல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மணி மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. அவள் என்னைப் பார்த்தாள், நான் தேநீரைப் பார்த்தேன். வீட்டுக்காரர் முகம் கண்முன் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவளுக்காகப் பயமாகவும் இருந்தது. ஒரு வருடத்து உழைப்பு எங்கள் மரியாதையில் மூழ்கிக்கொண்டிருந்தது.

நாங்கள் எழுந்தோம். அவள் மண்டியிட்டு வணங்கினாள். வாசற்படியில் செருப்பு போடும்போது சயாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே நெய் கொண்டு வராதே, மகளே. நீ போகப்போறதில்லேங்கறது எனக்கு எப்பவோ புரிஞ்சுபோச்சு. கடிதம் கேட்டு எனக்குச் சிரமம் குடுத்துட்டோமேன்னு நீ தவிக்கறதும் தெரியுது. அதைச் சொல்ல முடியாமத்தான் இப்படி நெய்யும் கையுமா வர்றே. போகலேன்னா என்ன? நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான் நானும் அந்தப் பேச்சையே எடுக்கல."

மூன்று பாட்டில் நெய்யையும் அவர் மன்னிப்புக் கேட்பதாக எடுத்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அதுதான் இயல்பு. ஒருவர் காரணம் சொல்லாமல் திரும்பத் திரும்பப் பண்டத்தோடு வந்தால், சொல்ல முடியாத ஏதோ ஒன்றுக்காக வருந்துகிறார் என்று அர்த்தம். நானே அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் விளக்க வாயெடுப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"போகணும், சயாமா. எனக்குப் போகணும். ரொம்ப ஆசையா இருக்கு."

சொன்னவளே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சயாமா அவளையே பார்த்தார். பிறகு, "கடைசி நாள் எப்போ?" என்றார்.

"இன்னிக்கு. நாலரைக்கு."

அந்த அம்மாள் உள்ளே ஓடியதைப் பார்த்திருக்க வேண்டும். லிங்க் வந்த அன்றே கடிதத்தை எழுதி முடித்திருந்தார். அனுப்புவதற்கு முன் அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று இருந்தாராம். மத்தியானத்திலிருந்து மின்சாரம் இல்லை. லேப்டாப்பில் பன்னிரண்டு சதவீதம் இருந்தது. வீட்டுக்குள் என் போனில் சிக்னல் இல்லை. பின்கதவைத் திறந்து ஆற்றங்கரைக்குப் போனோம். நான் போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் லேப்டாப்பைத் தாம்பாளம்போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். "நீ படிக்கக் கூடாது, கண்ணை மூடிக்கோ" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு சயாமா நின்றபடியே தட்டினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. மற்றவர்கள் காகிதத்தைப் படிப்பதுதானே என் பிழைப்பு. கடைசிப் பத்தியில் ஒரு வரி மட்டும் தெரிந்தது: இந்த மாணவி தனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்க மாட்டாள், தயவுசெய்து அதை ஆர்வக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவ்வளவு தெரிந்தும் மூன்று பாட்டில் நெய்யில் அந்த அம்மாளே ஏமாந்துபோயிருக்கிறார். இதை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.

நாலு இருபத்திரண்டுக்கு அவள் போனில் அந்தச் சொல் மாறியது. வந்தது. மூன்று பேரும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டோம். நான் வாங்கிப்போன வாழைப்பழத்தைப் பிய்த்துச் சாப்பிட்டோம்.

வீட்டுக்காரர் கேட்டபோது, "கேட்டு வாங்கிட்டோம்" என்றேன். யார் கேட்டது என்று அவர் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு என் மேசைக்கு வந்து நின்றாள். நான் முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தேன். இரண்டும் காலியாக இருந்தன. பையும் இல்லை.

"ஒண்ணு கேக்கணும், மமா" என்றாள். "மாசம் ஒரு தடவை இன்சீனுக்குப் போய் எங்கம்மாவைப் பாத்துட்டு வருவீங்களா?"

"அம்மாகிட்ட, வர்றேன்னு சொல்லு" என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிரிண்டரில் காகிதம் சிக்கியதுபோலக் குனிந்துகொண்டேன்.

அப்படித்தான் மாதத்தின் முதல் ஞாயிறு எனக்கு இன்சீன் ஞாயிறாக ஆனது. நகரத்தைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போவேன். அவள் அம்மா அதிகம் பேசாதவர். மகளைப் போலவே. மாடுகளைக் காட்டுவார், பால் டீ கொடுப்பார், கிளம்பும்போது ஒரு பாட்டில் நெய்யைக் கையில் திணிப்பார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அலமாரியில் ஐந்து பாட்டில் சேர்ந்துவிட்டது. "கடை போட்டுடலாமா?" என்றார் வீட்டுக்காரர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறாவது பாட்டிலோடு ரயிலில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அம்மாள் எதையோ கேட்க நினைத்துக் கேட்காமல் இருக்கிறார். அது என்ன என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை.

அன்றே அவளுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்காமல், "படிப்பு முடிஞ்சா திரும்பி வருவியா?" என்றேன். "எனக்கு வரணும், மமா. நம்ம பாலை வெச்சு இங்க படிச்சதைச் செஞ்சு பாக்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள். 'எனக்கு' என்கிற சொல் இப்போதெல்லாம் அவள் வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது.

"இதை அம்மாகிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கலியே."

அடுத்த மாதம் போனபோது, டீ வரும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. தொழுவத்து வாசலில் நின்றபடியே அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் பால் செம்பைக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்ற மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மகள் சின்ன வயதில் கன்றுக்குட்டியோடு படுத்துத் தூங்கியது, பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனது என்று இரண்டு மணி நேரம் பேசினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் எழுந்தேன். வாசல் வரை வந்து, சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

ஸ்டேஷனுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் என் பை லேசாக இருப்பதைக் கவனித்தேன். அன்று அவர் எனக்கு நெய் கொடுக்க மறந்துவிட்டார்.